கற்பூரம் காட்டினால் நிற்கும் மிஷின்

5 ஜூன் 1987, வெள்ளி

இன்றைக்கும் நின்றது.

மில்லில் பஞ்சைச் சீவுகிற கார்டிங் பக்கம் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து கற்பூரம் காட்டியதும், ராகு காலம் பிறப்பதற்குள் அத்தனை மிஷினையும் ஒரே மூச்சில் போடுகிறார்கள். அந்த நொடியில் ஸ்பின்னிங் ஹாலில் விளக்கு மங்குகிறது. கடைசி மிஷின் நின்றுவிடுகிறது. நூலெல்லாம் அறுந்து தொங்குகிறது. அந்த மிஷினைப் பார்ப்பது நூர்பானு அக்கா.

மேஸ்திரி தனுஷ்கோடி எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏட்டி, சாமி கும்பிடுத நேரம் பாத்து எதுக்கு ஸ்விட்ச அமுக்குத?"

தொடவே இல்லை என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தது. யாரும் காதில் வாங்கவில்லை. இன்னொரு தடவை நின்றால் வேலை கிடையாதாம். வேறு பெயர் உள்ள ஆளிடம் இந்தக் கேள்வி வருமா?

8 ஜூன்

மில் எலக்ட்ரீஷியன் நான்தானே; சேத்தூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே யோசித்தேன். மிஷினுக்குக் கரண்ட் விடுகிற கான்டாக்டர் என்கிற தானியங்கி ஸ்விட்சைப் பிடித்து வைத்திருப்பது ஒரு காயில், கரண்ட் பாய்ந்தால் காந்தமாகிற கம்பிச்சுருள். அத்தனை மோட்டாரும் சேர்ந்து கிளம்பினால் அரை நொடி வோல்டேஜ் விழும். லைனின் கடைசியில் இன்னும் கூடுதலாக விழும். காயில் பிடியை விட்டுவிடும். ஸ்விட்சை யாரும் தொட வேண்டியதில்லை.

9 ஜூன்

மேனேஜர் ராஜரத்தினத்திடம் சொன்னேன். கார்டிங்கில் ஒவ்வொரு மிஷினாகப் போட்டால் போதும்.

"பாதி மிஷினை நல்ல நேரத்துலயும் பாதியை ராகு காலத்துலயும் ஓட்டச் சொல்லுதியாலே?"

பூசையைக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிக்கலாமே என்றேன். முதலாளி வந்து சேர்வதே அந்த நேரம்தானாம். அவர் எழுந்திருக்க நேரமானால் இங்கே ஒரு பொம்பளைக்கு வேலை போகணும் — நல்ல நியாயம்.

ஆபீஸ் ரூம் ஸ்டெபிலைசரைக் கழற்றி மிஷினுக்கு மாட்டச் சொன்னார் மேனேஜர். அதற்குள் இருக்கிற மோட்டார் மெல்லத் திரும்பி வோல்டேஜைச் சரிபண்ணுவதற்குள் மிஷின் நின்றே போயிருக்கும். அந்தக் காயிலுக்கு மட்டும் ஒரு சின்ன கான்ஸ்டன்ட் வோல்டேஜ் டிரான்ஸ்பார்மர் போதும்; லைன் அரை நொடி விழுந்தாலும் காயிலுக்குப் போவதை அது விழவிடாது. முதலில் அவள் அமுக்கவில்லை என்று காட்டு, பிறகு பார்க்கலாம் என்றார்.

காட்டுகிறேன்.

12 ஜூன், வெள்ளி

அக்காவைக் கேண்டீனில் உட்காரச் சொன்னேன். மிஷின் பக்கத்தில் மேஸ்திரியையே நிறுத்தினேன். மேனேஜரும் வந்தார்.

கற்பூரம் காட்டினார்கள். விளக்கு மங்கியது. டப். நின்றது.

மேஸ்திரியின் கை சட்டைப்பையில் இருந்தது. "ஏலே, நான் தொடலலே" என்றார்.

"நீங்க சொன்னா மட்டும் எப்படிண்ணே நம்புறது?"

மேனேஜர் சிரித்துவிட்டார். மேஸ்திரி இனி என்னைச் சும்மா விடமாட்டார். விட வேண்டாம்.

24 ஜூன்

மதுரையிலிருந்து டிரான்ஸ்பார்மர் வந்தது. மாட்டிவிட்டேன். தப்பாகப் பேசிவிட்டோம் என்று அக்காவிடம் ஒரு வார்த்தை? ஒருத்தரும் சொல்லவில்லை. மிஷினைப் பற்றி மட்டும் எல்லாரும் விசாரிக்கிறார்கள்.

26 ஜூன், வெள்ளி

விளக்கு மங்கியது. மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இழை அறவில்லை. டிரான்ஸ்பார்மர் பெட்டிக்கு மேஸ்திரி சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். அதற்கும் கற்பூரம் காட்டினார்.

சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தேன். நூர்பானு அக்கா மிஷினை விட்டுத் தள்ளி, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது.

இனிமேல் நிற்காதுக்கா, கையை இறக்குங்க என்றேன்.

"கற்பூரம் அணையட்டும் தம்பி" என்றது.