கொலுசு என்று சொன்ன காலை

அன்புள்ள மதினிக்கு,

நீளமாக எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். எட்டு வரிக்கு மேல் போனால் உங்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் உலை பொங்கிவிடும். ஆனால் கவிதையாக வரவில்லை மதினி. நீங்கள் போன இந்த மூன்று வருஷத்தில் ஒரு வரிகூட வரவில்லை. அதனால்தான் இத்தனை நீளம்.

விருதுநகரில் நான் முதல் வருஷம் படித்தபோது, கல்லூரிப் பலகையில் தினம் ஒரு சொல் எழுதிப் போட்டார்கள். அதை வைத்துக் கவிதை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். நான் தினமும் எழுதுவேன், ஒரு நாளும் போடமாட்டேன். யாராவது வாசித்துவிட்டால் என்ன செய்வது? ஒரு மாதத்தில் பலகையை அழித்து, சொல் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். "அம்புட்டுத்தானா? அந்தப் பலகைக்கு மட்டுந்தான் வாய் இருக்கா? நாளையில இருந்து நான் சொல்றேன், நீ எழுது" என்றீர்கள்.

மறுநாள் பட்டாசுக் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிற நேரத்தில், தூக்குச்சட்டியோடு ஓடிக்கொண்டே திரும்பி ஒரு சொல்லை எறிந்தீர்கள். விளக்கமாறு. அதற்கடுத்த நாள் ஒத்தைச் செருப்பு. பிறகு ஒருநாள், அம்மா காதில் விழும்படியே, "மாமியா கொறட்டை!" அம்மா கரண்டியோடு வாசல்வரை வந்தது நினைவிருக்கிறதா?

சாயங்காலம் நான் வாசிக்க வேண்டும். மணிக்கட்டு வரை வெடிமருந்தின் வெள்ளிப்பொடி ஒட்டிய கையைத் தேய்த்துக்கொண்டே கேட்பீர்கள். "ஏத்தா, இதுல விளக்கமாறு எங்கன இருக்கு? எல்லாம் நிலாவாவே இருக்கு. மொதல்ல அந்த நிலாவைக் கூட்டித் தள்ளு." எனக்கு அழுகை வரும். மறுபடி எழுதுவேன். மறுபடி எழுதியது நன்றாக இருந்தால் ஒன்றுமே சொல்லமாட்டீர்கள். பேசாமல் எனக்கு ஒரு தோசை கூடுதலாக வைப்பீர்கள்.

திருத்தங்கல் அச்சாபீஸிலிருந்து அண்ணன் கொண்டுவரும் கழிவுத் தாள்தான் எனக்கு நோட்டு. நிறம் விலகி அச்சான வெடி லேபிள்கள். ஒரு கிளிக்கு இரண்டு மூக்கு, ஒரு குழந்தைக்கு மூன்று கண். அதன் வெள்ளைப் பக்கம் எனக்கு. இன்றும் அண்ணன் மாதம் ஒரு கட்டு கொண்டுவந்து என் பெட்டிமேல் வைக்கிறான். நான் கேட்பதில்லை, அவனும் நிறுத்தவில்லை. செல்போன் வாங்கியிருக்கிறான். அதில் யாரோடும் பேசிப் பார்த்ததில்லை.

அந்தக் காலையைச் சொல்லாமல் எவ்வளவு தூரம் போவேன்?

தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்தது. வழக்கம்போல வாசப்படியில் உட்கார்ந்து கொலுசைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். வெடிமருந்து அடைக்கிற அறைக்குள் கொலுசு போட்டுக்கொண்டு போகக் கூடாது, உரசினால் பொறி பறக்கும் என்பதால் தினமும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போவீர்கள். அன்று சொல்லைச் சொல்லாமல் என்னைப் பார்த்தீர்கள்.

"எப்பப் பாரு நானே சொல்லணுமா? இன்னைக்கு நீ சொல்லு. நான் கட்டுறேன் பாட்டு."

"உங்களுக்கு எழுத வராதே மதினி."

"எழுதணும்னு யாரு சொன்னா? மனசுக்குள்ள வச்சிருந்து சாயங்காலம் சொல்றேன். கேட்டியன்னா உன் படிப்பெல்லாம் பரணுக்குப் போயிரும்."

கண்முன் இருந்ததைச் சொன்னேன். "கொலுசு."

"அய்யே, இம்புட்டு லேசாவா?" என்று சிரித்துக்கொண்டே வேனில் ஏறினீர்கள்.

பகல் பதினொரு மணி வாக்கில் பக்கத்து அறையில் தீப்பிடித்தது. உங்கள் அறையில் நாலு பேர். நாலு பக்கமும் வாசல். மூன்று பேர் ஓடி வந்துவிட்டார்கள்.

நான் இப்போது ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். போன மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "கவிதைப் போட்டிக்கு ஒரு தலைப்புக் குடுங்க டீச்சர்" என்று கேட்டாள். கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழித்த இடத்தையே அழித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் உங்கள் கொலுசு அதே ஆணியில்தான் இருக்கிறது. கறுத்துவிடக் கூடாதென்று அம்மா வெள்ளிக்கிழமை தோறும் விபூதி போட்டுத் தேய்க்கிறாள். அண்ணன் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

போன வாரம் சிவகாசி பஸ்ஸில் மாரியக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அன்று உங்கள் எதிரே இருந்து வேலை செய்த அதே அக்கா. தழும்பேறிய கையால் என் கையைப் பிடித்துக்கொண்டது.

"உங்க மதினி அன்னைக்கு அம்புட்டுச் சந்தோசமா இருந்தா தாயி. வாய்க்குள்ளயே என்னமோ முணங்கிக்கிட்டு இருந்தா. என்னடின்னு கேட்டதுக்கு, 'சாயங்காலம் எங்க நாத்தனாட்டச் சொல்லணும்க்கா, மறந்துரக் கூடாது'ன்னா. நாங்க கத்திக்கிட்டு எந்திரிச்சப்பகூட அவ ஒரு நிமிசம் அப்படியே உக்காந்திருந்தா."

ஆறுதலுக்காகத்தான் சொன்னது. என்ன முணங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊருக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, வெயிலில் நடந்து வந்தேன்.

வேலையில் கவனம் என்று உங்கள் கம்பெனிச் சுவரில் எழுதிப் போட்டிருப்பதை நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்? மருந்து அடைக்கிற கைக்கு நான் ஏன் ஒரு சொல்லைக் கொடுத்தனுப்பினேன்? 'நீங்க சாயங்காலம் வாங்க, அப்பச் சொல்றேன்' என்று நான் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

நாளையிலிருந்து தினம் ஒன்று எழுதுகிறேன் மதினி. நிலா வராது. சொல்லை என் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை மாரியக்கா வீட்டுக்கும் போவேன். நீங்கள் கட்டிய பாட்டில் ஒரு வரியாவது அந்த அக்கா காதில் விழுந்திருந்தால், அண்ணன் கொண்டுவந்த தாளில் முதலாவதாக அதைத்தான் எழுதுவேன்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த ஒரு நிமிஷம் நீங்கள் என் சொல்லோடு உட்கார்ந்திருக்கவில்லை என்று சொல்லுங்கள். கால் மரத்துப்போயிருந்தது, சேலை மாட்டிக்கொண்டது, சத்தம் காதில் விழவில்லை, எதையாவது சொல்லுங்கள். பொய்யாக இருந்தாலும் நம்பிக்கொள்கிறேன்.

சாயங்காலமானால் இன்னும் வாசலைப் பார்க்கிற
உங்கள் நாத்தனார்