கையெழுத்துப் போடாத கடன்

என் செல்ல மகள் ஜோவெலினுக்கு,

அங்கே உடம்பு சௌகரியமாக இருக்கிறதா, வேளாவேளைக்குச் சாப்பிட விடுகிறார்களா? இங்கே நானும் உன் தம்பி ரோமெலும் நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம், நலம் என்று எழுதினால் அது பொய். மழை விட்டபாடில்லை, படகுகள் கரையிலேயே கிடக்கின்றன. லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் உன் சிநேகிதி மரிசெல் கையில் இந்தக் கடிதத்தையும் கொஞ்சம் கருவாட்டையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ அழத் தொடங்கினால் எனக்குப் பேச்சு வராது. அம்மாவின் கடனை அடைக்க இன்னும் இரண்டு வருஷம் அந்த வீட்டிலேயே வேலை செய்கிறேன் என்று எஜமானியிடம் சொல்லிவிட்டாயாம், மரிசெல் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நடந்தது முழுக்க உனக்குத் தெரியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

வைத்தியச் செலவுக்கென்று உன் அம்மா செல்போனிலேயே கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வாங்கியிருந்தது, அவள் போன பிறகுதான் எனக்கே தெரியும். அடக்கத்துக்கு முன் அவள் உடலை வீட்டில் வைத்திருந்த நாட்களில் ஒரு மத்தியானம், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அக்கம்பக்கத்தார் நம் ஊர் வழக்கப்படி சீட்டாடிக் காவலிருந்தார்கள். அவள் போன் அடித்தது. யாரோ துக்கம் விசாரிக்கிறார்கள் என்று உன் மாமா டாடோ ஸ்பீக்கரில் போட்டான். ஒரு பெண் குரல், உன் வயதுதான் இருக்கும், தவணை எங்கே என்றாள். அவங்க இறந்துட்டாங்கம்மா என்றான் டாடோ. அவள் சிரித்தாள். எங்ககிட்ட வாங்கினவங்க எல்லாருமே தவணை வந்தா செத்துத்தான் போறாங்க, நிஜமா செத்திருந்தா பொணத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, இல்லேன்னா வீட்டுக்குப் போலீஸ் வரும் என்றாள். தொல்லை ஒழியட்டும் என்று டாடோ படம் எடுத்து அனுப்பினான், தடுக்க வேண்டும் என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. பொழுது சாய்வதற்குள், கடனை ஏமாற்றிய திருடி என்று கீழே எழுதி, அந்தப் படத்தை அவள் போனில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார்கள். பங்குச் சாமியாருக்கு, நம்மிடம் மீன் வாங்கி விற்கும் லூஸ் அத்தைக்கு, உனக்கு. விடுப்புக் கிடைக்காமல் அங்கே தவித்துக்கொண்டிருந்த நீ, பெற்றவள் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது அந்த எழுத்துக்கு மேலேதான். இதை நான் மன்னிக்கப் போவதில்லை, சாமியாரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். அடக்கத்துக்கு வந்த லூஸ் என் காதுபடவே, பொண்ணு வெளிநாட்டுல சம்பாதிக்குது, இவங்க சாவுலயும் கடனா என்றாள். இருபது வருஷமாக நம் வீட்டில் சாப்பிட்டவள்.

போலீஸ் வருமா என்று கேட்கத்தான் டவுனில் ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடும் அரசாங்க வக்கீலிடம் போனேன். ஸல்சேடோ என்று ஒரு பெண். தொலைபேசிச் செய்திகளை எல்லாம் வாங்கிப் படித்துவிட்டு, கடனைக் கட்டலைன்னு யாரையும் ஜெயில்ல போட முடியாது ஐயா, அது நம்ம அரசியல் சட்டத்துலயே இருக்கு, ஜாமீன் நிக்காதவங்களுக்குப் போன் பண்றதே தப்பு, மிரட்டறதும் ஊர் முன்னாடி அசிங்கப்படுத்தறதும் அதைவிடத் தப்பு என்றாள். செத்தவர் கடனை அவர் விட்டுப்போன சொத்திலிருந்துதான் கேட்க வேண்டுமாம். குடும்பத்துக்குச் செலவான கடன் என்று என்னைக் கேட்பதானாலும் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும், கையெழுத்துப் போடாத பிள்ளைகளைக் கேட்க வழியே கிடையாது. அவங்க அனுப்பற எதுலயும், நான் கட்டறேன்னு மட்டும் எழுதிக் குடுக்க வேண்டாம்னு உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க என்றாள். அரசாங்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தோம். கம்பெனியின் உரிமத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், நாளைக்கே வேறு பெயரில் கடை திறப்பார்கள். பிறகு ஒருமுறை அந்தக் கம்பெனியிலிருந்து ஒருவன் போனில் பேசினான். வக்கீல் சொன்னதை அப்படியே சொன்னேன். உடனே போனை வைத்துவிட்டான். அவ்வளவுதான், மகளே. அந்த மிரட்டலுக்கு அவ்வளவுதான் உயிர்.

எழுதவே கூசும் ஒன்று இருக்கிறது. டயாலிசிஸுக்குப் போகிறேன் என்று கிளம்பியவள் பல நாள் அங்கே போகவே இல்லையாம், ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். சந்தையில் உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறாள். நீ வைத்தியத்துக்கு அனுப்பிய பணம், அவளையும் இப்படியே மிரட்டிய அந்தக் கம்பெனிக் குரலுக்குப் போயிருக்கிறது. ஜெயிலுக்குப் பயந்திருக்கிறாள். இல்லாத ஜெயிலுக்கு.

இனி உன்னை யார் கூப்பிட்டாலும் நம்பரைக் குறித்துக்கொள், வந்த செய்திகளை அழிக்காதே, பணம் மட்டும் அனுப்பாதே. அந்தப் படத்தை எஜமானிக்கு அனுப்புவோம் என்று மிரட்டினால் அந்த மிரட்டலையே எனக்கு அனுப்பு, வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். குளிர்ந்த தண்ணீரில் துணி துவைக்காதே, உன் மூட்டு வலிக்கு ஆகாது. ரோமெல் படிப்பை விடவில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடாதே, ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடு. நீ யாருக்கும் எதுவும் பாக்கி இல்லை, எனக்கும்கூட.

உன் அப்பா,
தியோஃபிலோ மக்பானுவா