மூடி போட்ட ரீல்

ஏங்க,

உலகத்தில் மூன்றே மூன்றுதான் மிச்சம், அதில் ஒன்று நம் ஷோகேஸில், எவர்சில்வர் டம்ளர்களுக்குப் பக்கத்தில். அந்த மூடி போட்ட பழைய ரீலையும் அதன் ஜோடித் தூண்டில் கம்பையும் தூசி தட்டக்கூட நான் தொடக்கூடாது என்று நேற்று கத்தினீர்கள். சரி.

என் தம்பி ஜூட் பத்து மணிக்கு வருகிறான். கொள்ளிடத்தில் நீங்கள் மீன் பிடிப்பதைப் பார்க்கணுமாம். "போன மாசம் மச்சான் விரால் பிடிச்சது அந்த ரீல்லதானேக்கா?" என்று காலையிலேயே இரண்டு தடவை போன். "அதேதான்டா" என்றேன். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஸ்கூலுக்குக் கிளம்பிவிட்டேன்.

இட்லி ஹாட்பாக்ஸில். வெளியே போகும்போது சாவியை எதிர் வீட்டில் கொடுங்கள்.

டோரதி

பி.கு.: மார்க்கெட் பக்கம் தூண்டில் கடை ஒன்பதுக்குத் திறந்துவிடும், அவன் வருவதற்குள் ஓடுங்கள். கோபத்தில் மூடியைத் திருகிப் பார்த்தேன். ரீலுக்குள் தூண்டில் நரம்பே இல்லை.