ஊட்டி இறக்கத்தில் வண்டியை விட்டவள்

அக்கா,

பரண்மேலிருந்து உன் ஸ்ட்ரோலரை இன்று இறக்கினேன். மடிப்பை விரித்ததும் பழைய பேபி பவுடர் வாசனை. அபிராமபுரத்தில் நீ சமையல் வேலை பார்த்த வீட்டில், அவர்கள் குழந்தை வளர்ந்ததும் உனக்குக் கொடுத்த வண்டி. உன் மகளை அதில் வைத்து கோட்டூர்புரம் முழுக்கச் சுற்றினாய். இப்போது அவள் எங்களோடு இருக்கிறாள், எட்டாம் வகுப்பு. என் பையனுக்கு ஒன்பது மாதம். அவன் அப்பாவுக்கு லீவு இல்லை. நாளை நானே அவனை ஊட்டிக்கு அழைத்துப் போகிறேன்.

வீட்டில் ஒருவருக்கும் சம்மதமில்லை. "கைக்கொயந்தய இட்டுக்கினு மலைக்கு இன்னாத்துக்குடி?" என்று அம்மா காலையிலிருந்து அர்ச்சனை. உன் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நாம் ஊட்டிக்குக் கிளம்பிய அன்றைக்கும் இதே பாட்டுத்தான். நீ காதில் வாங்கவேயில்லை. மூன்று ஸ்வெட்டரை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டதில், பாவம், பிள்ளைக்கு ஊட்டியில் வேர்க்குரு வந்தது. குளிரைப் பற்றி மெட்ராஸ்காரர்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

மேடு பள்ளத்தைப் பற்றியும் அவ்வளவுதான். நம் தெருவில் வண்டி விட்ட இடத்திலேயே நிற்கும். சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புக் கட்டைதான் பிரேக் என்று நம் இருவருக்குமே தெரியாது. ஊட்டியில் மார்க்கெட்டுக்கு இறங்கும் ரோட்டில் பிடியை என்னிடம் கொடுத்துவிட்டு நீ சோளம் வாங்கப் போனாய். மலையைப் போட்டோ எடுக்க நான் கையை எடுத்தேன். வண்டி உருண்டது. நான் கத்தினேனே தவிர, கால் நகரவில்லை. நீதான் சோளத்தை வீசிவிட்டு ஓடினாய். விழுந்த வாக்கிலேயே சக்கரத்தைப் பிடித்தாய். இரண்டு முட்டியிலும் ரத்தம். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது.

அறையப்போகிறாய் என்று அழுதுகொண்டே நின்றேன். நீ பாட்டில் தண்ணீரில் முட்டியைக் கழுவினாய். "அய்துகினே நின்னா ரூமு வந்துடுமா? புடி, தள்ளு" என்று பிடியை என் கையில் வைத்தாய்.

வீட்டில் அம்மா காயத்தைப் பார்த்துக் கேட்டபோது, "நான்தாம்மா கைய வுட்டுட்டேன்" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை.

நீ கண்ணை மூடி நான்கு வருஷமாகியும் அந்தப் பழி உன்மேல்தான் இருக்கிறது. இன்றும் வண்டியைப் பார்த்ததும், "அவ வுட்டா மாதிரி நீயும் வுட்டுடாதே" என்றாள் அம்மா. தலை வாரிக்கொண்டிருந்த உன் மகளின் கை அப்படியே நின்றுவிட்டது. இதற்குமேலும் பேசாமலிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"அவ வுடல. நான்தான் வுட்டேன்" என்றேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். அம்மா உட்கார்ந்துவிட்டாள். "இத்தினி வருசமா சொல்லாம இன்னாடி பண்ணிக்கினு இருந்தே?" என்றாள். திட்டட்டும்.

உன் மகள் பக்கத்தில் வந்தாள்.

"அப்ப அம்மா என்னய வுடலையா சித்தி?"

"வுடல. ஓடியாந்து புட்ச்சதே அவதான்."

அவள் உள்ளே போய்த் தன் துணிமணிகளைக் கொண்டுவந்து என் பையில் வைத்தாள்.

நாளைக்கு மூன்று பேரும் போகிறோம். பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. ஆனாலும் போகத்தான் போகிறேன். தவறவிட்ட கை என்று தெரிந்தும், உன் பிள்ளையை மறுபடி இதே கையில் கொடுத்தாய். அந்தக் கையோடுதான் போகிறேன்.