ரிமோட்டில் பெருங்காய வாசனை

இன்று காலை டிவி ரிமோட்டுக்குப் புது செல் மாற்றப் பின்மூடியைத் திறந்தேன். குப்பென்று பெருங்காயம் மணத்தது. நீங்கள் போய் மூன்று வருடமாகியும் அது போகவில்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

புனேயின் தாபோடியில் இந்த வீட்டை வாங்கியபோது, "கோட்டை புள்ள, கோட்டை!" என்று சுவரைத் தட்டிக் காட்டினீர்கள். கொரோனா ஊரடங்கில் நாள் முழுக்கச் செய்தி பார்த்தீர்கள். ஒவ்வொரு செய்திக்கும் கோட்டையில் ஒரு செங்கல் விழுந்தது. மூன்றாம் மாடிக்காரர் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுப் போனதும் நீங்களும் வீட்டுப் பத்திரத்தை எடுத்து வெளியே வைத்தீர்கள். புரோக்கர் வேறு தினமும் போன் செய்தார்.

"இனி புனேயில மனுசனே இருக்கமாட்டான். கெடச்ச வெலைக்குத் தள்ளிப்போட்டு கோயமுத்தூரு போயிரலாம் புள்ள."

"ஏனுங்க, மனுசனே இல்லாத ஊர்ல புரோக்கர் யாருக்குங்க வாங்கறாரு?"

"அஞ்சாங்கிளாஸ் படிச்சுப்போட்டு எனக்கு மார்க்கெட் சொல்லித்தர்றயா?"

திங்கட்கிழமை அட்வான்ஸ் வாங்குவதாகப் பேச்சு. வியாழனன்று நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் ரிமோட்டின் இரண்டு செல்லையும் உருவிப் பெருங்காய டப்பாவுக்குள் போட்டேன். வெளியே செல் வாங்கக் கடை ஏதும் திறந்திருக்கவில்லை.

அன்று முழுக்க ரிமோட்டை உள்ளங்கையில் தட்டித் தட்டிப் பார்த்தீர்கள். மறுநாள் பால்கனிக்கு வந்தீர்கள். கீழ்வீட்டில் பாக்ரி ரொட்டி தட்டும் சத்தம். எதிர் பில்டிங்கில் ஒருவர் தொட்டியில் மல்லிச்செடி நட்டுக்கொண்டிருந்தார்.

"ஓடிப்போறவன் செடி வெப்பானா?" என்று நீங்களே கேட்டுக்கொண்டீர்கள். ஞாயிறன்று புரோக்கரிடம், "பேச்னா நஹி ஹை, பாய்!", விற்பதாக இல்லை என்று போனில் கத்திவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். "மார்க்கெட் தேறிருச்சு புள்ள."

மார்க்கெட் கிடந்த இடத்திலேயேதான் கிடந்தது. டிவி மட்டும் அணைந்திருந்தது.

செல்லைத் திரும்பப் போட்ட அன்று ரிமோட்டை மூக்கருகே கொண்டுபோனீர்கள். "என்ன புள்ள, செய்தியில ரசம் மணக்குது?" நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

நம் பேத்தி இப்போது வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் அதிகாரி. போன மாதம்தான் அவளிடம் இதைச் சொன்னேன். பயத்தில் மனிதர்கள் எப்படி விற்கிறார்கள், வாங்குகிறார்கள் என்று காலேஜில் இரண்டு வருடம் படித்தாளாம். எனக்கு ஒரு டப்பா போதுமாக இருந்ததே என்று நெஞ்சு நிமிர்த்தினேன்.

"டிவிக்கு அடியில பட்டன் இருக்குதே அம்மாயி! அப்புச்சி ஏன் அத அமுக்கல?" என்றாள்.

முப்பது வருடம் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் எலெக்ட்ரீஷியன் நீங்கள். அதே டிவியை மூன்று முறை பிரித்துப் பூட்டியவர். அந்த நான்கு நாளும் உங்கள் விரல் பட்டன் பக்கமே போகவில்லை.

புது செல் போட்டுவிட்டேன். எழுந்து போய்ச் சுவரை ஒரு தட்டுத் தட்டினேன். கோட்டைதான். ரிமோட்டை மட்டும் துடைக்கவில்லை.