இவர் முகத்துக்கு வாசனை இல்லாத தண்ணீர்

ஐப்பசி 8, திங்கள்

விடாத தூறல். துணி காயவில்லை. ஜன்னல் கட்டையில் கரித்தூள் ஊறி சேறு மாதிரி. துடைக்கத் தெம்பில்லை.

முருகேசன் வந்தார். சுரங்கத்தில் இவரோடு ஒரே ஷிப்ட். உட்காரவில்லை. "அடுத்த திங்கக்கெழம வந்துடுண்ணே. தாடிய எடுத்துட்டு வா. மாஸ்க் மூஞ்சில ஒட்ட மாட்டுதுன்னு கேட்லயே திருப்பி அனுப்புறானுங்க." இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வாசலில் என்னிடம் மட்டும் மெதுவாக, "இதுக்கு மேல லீவு இல்ல அண்ணி. வேலையே போயிடும்."

வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். அதைவிட, இவர் இந்த நாற்காலியிலேயே இருந்துவிடுவார்.

கதிர் போனது சித்திரையில். பண்ருட்டி ரோடு, பைக் விபத்து. அன்றிலிருந்து இவருக்கு ஷேவிங் இல்லை, வேலை இல்லை. ஒரே பிள்ளை.

ரேஷன்: பாமாயில் இன்னும் வரவில்லை.

ஐப்பசி 9, செவ்வாய்

மழை. தாடி எடுக்கலாமாங்க என்றேன். "எரியும்" என்றார். இன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

பொய் இல்லை. இவர் தோல் அப்படி. பிளேடு பட்டால் தடிப்புத் தடிப்பாகச் சிவக்கும், கடை லோஷன் பட்டால் இன்னும் மோசம். கதிர் சிரிப்பான், "உனக்குப் பாப்பா தோலுப்பா."

ஆடியில் சலூன்காரர் வீட்டுக்கே வந்தார். ஒரு கன்னம் வழித்ததும் லோஷன் தடவினார். கதிர் போடுகிற அதே வாசனை. இவர் எழுந்து ஓடிப்போய் குழாயடியில் முகத்தைத் தேய்த்தார், தேய்த்தார். மறு கன்னம் வழிக்கவே இல்லை.

ஆக, வழித்தபின் தடவுவது எரியவும் கூடாது, மணக்கவும் கூடாது.

ஐப்பசி 10, புதன்

பின் குவார்ட்டர்ஸ் ராணியைக் கேட்டேன். மதுரைப் பக்கத்துக்காரி, எல்லாவற்றுக்கும் ஒரு வைத்தியம் வைத்திருப்பாள். சொன்னது: காய்ச்சி ஆறின தண்ணீர், படிகாரம் துளி, கற்றாழைச் சோறு, கிளிசரின் நாலு சொட்டு.

"கொஞ்சம் பன்னீரும் ஊத்துக்கா. மாமா மாப்பிள்ளை கணக்கா கமகமன்னு போவாரு."

"வாசனை வேணாம் ராணி."

சிரிக்க வாயெடுத்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கற்றாழைக்கு வாசலில் தொங்குவதை அறுத்தேன். பைக் வாங்கின அன்று கதிர்தான் தலைகீழாகக் கட்டினான்.

"யக்கா, அது திருஷ்டிக்குக் கட்டுனது!" என்றாள் கூட வந்த ராணி.

"எந்தத் திருஷ்டியத் தடுத்துச்சு?" என்றேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

கலக்கி முதலில் என் மணிக்கட்டில் தடவிக்கொண்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. நேற்றுக் குழம்பு கொட்டினேன்.

ஐப்பசி 11, வியாழன்

மணிக்கட்டு சிவந்து ஒரே அரிப்பு. இவர் முகத்தில் தடவியிருந்தால்?

ராணி தலையில் அடித்துக்கொண்டாள். "மஞ்சப் பாலை வடிய விடலையாக்கா? அதுதானே அரிக்கும்." அவள் தொட்டியிலிருந்து தளதளவென்று ஒரு மடல் கொண்டுவந்தாள். வெட்டின பக்கம் கீழே இருக்க டம்ளரில் நிறுத்திவைத்தோம். மஞ்சளாக வடிந்தது. தோல் சீவி, சோற்றை நாலு தண்ணீரில் அலசினேன். படிகாரமும் நேற்று அதிகம். இன்று ஒரு டம்ளருக்குக் கடலைப்பருப்பு அளவு. பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, கொதிநீரில் கழுவின பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில். ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதே என்றாள்.

மறு கையில் தடவியிருக்கிறேன்.

ஐப்பசி 12, வெள்ளி

கைக்கு ஒன்றும் இல்லை. மோந்து பார்த்தேன், வெறும் தண்ணீர் மாதிரி.

கோயிலுக்குப் போகவில்லை. மருந்து செய்ததை இன்னும் இவரிடம் சொல்லவில்லை.

ஐப்பசி 13, சனி

கொஞ்சம் வெயில். காபி கொடுக்கும்போது மணிக்கட்டுச் சிவப்பை இவரே பார்த்துவிட்டார்.

"இன்னா அது கையில?"

"உங்க மூஞ்சிக்கு மருந்து செஞ்சங்க. மொத தடவ சரியா வரல. அதான் என் கையில போட்டுப் பாத்தேன்."

கையைப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "பைத்தியமா நீ? இத்தயா செஞ்சிக்கினு இருந்த?" பிறகு ரேசரைக் கேட்டார்.

வழித்து முடித்ததும் நான் தடவினேன். எரிச்சலுக்குக் காத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

"எரியுதுங்களா?"

"இல்ல." கண்ணைத் திறந்து, "வாசனையே இல்லியே."

"போடலீங்க."

முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. தாடி இருந்ததில் எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி 15, திங்கள்

இருட்டோடு எழுந்தோம். ஃபர்ஸ்ட் ஷிப்ட். டிபனுக்கு எலுமிச்சை சோறு, அப்பளம்.

இவரே ஷேவ் செய்து, இவரே மருந்து தடவிக்கொண்டார். சிவக்கவில்லை. செருப்பு போடப் போனவர் திரும்பி பீரோவுக்கு எதிரில் வந்து நின்றார்.

"அவன் பாட்டில் எங்க வச்சிக்கிற?"

கதிரின் லோஷனைத் துண்டுகளுக்கு அடியில்தான் ஒளித்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன்.

"இந்தத் தண்ணியில ஒரு சொட்டு ஊத்து."

"எரியுங்க."

நகரவில்லை. வெளியே முருகேசன் பைக் ஹாரன், ரெண்டு தடவை.

மருந்தில் ஊற்றவில்லை. யூனிபார்ம் காலரைத் திருப்பி, தோலில் படாத மாதிரி வெளிப்பக்கம் ஒரு சொட்டு தடவினேன். தலையைச் சாய்த்து ஒருமுறை மோந்தார். போய்விட்டார்.

பாட்டிலை இறுக்கி மூடினேன். வாசனை வெளியே போகாமல் ஜன்னலையும் சாத்தினேன்.