கோயில் எண்ணெயும் உன் கூந்தலும்

தேயிலைத் தோட்டத்து லயத்தின் கடைசிக் காம்பரா அறைக்குப் புதிதாக வாழ வந்திருக்கும் பெண் இன்று காலையில் ஆமணக்கெண்ணெய் காய்ச்சினாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் காய்ச்சினாள். அந்த வாடை கதவுக்கு அடங்குமா? கூரைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து வழியாக லயம் முழுக்கப் பரவிவிட்டது. நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். "என்னா புள்ள காச்சுற?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க பெரியம்மா, வெறும் சுடுதண்ணி" என்றாள். சுடுதண்ணீருக்கு ஆமணக்கு வாடை வருவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். இன்னும் நாலு கேள்வி கேட்க நாக்குத் துறுதுறுத்தது. உன் நினைப்பு வந்துவிட்டதால் பேசாமல் திரும்பிவிட்டேன்.

நீயும் இப்படித்தான் பொய் சொல்வாய். தலைக்கு என்ன தேய்க்கிறாய் என்று யார் கேட்டாலும் "வெறும் தண்ணிதான்" என்பாய். நம் பெண்கள் எல்லோருக்கும் அந்த வழக்கம் உண்டு. முடிக்கு என்ன வைக்கிறோம் என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுக் கொட்டிப்போகும் என்கிற பயம். எனக்கு அந்தப் பயம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கண் படுகிற அளவுக்கு எனக்கு முடியும் இருந்ததில்லை.

நான் இந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்தது. பதுளையில் கடை வைத்திருந்த சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள் நான். எழுதப் படிக்க அங்கேதான் கற்றேன். சந்தேகப்படவும் அங்கேதான் கற்றேன். எண்ணெயில் கலப்படம், அரிசியில் கல், தராசுத் தட்டில் விரல் என்று பார்த்துப் பார்த்து எனக்கு எதையுமே முதல் பார்வையில் நம்ப வராது. "ஒன் நெழலக்கூட நீ நம்ப மாட்ட" என்று என் வீட்டுக்காரர் அலுத்துக்கொள்வார்.

வந்த புதிதில் பீலியில் குளிக்கப் போனேன். மூங்கில் வழியாகக் கொட்டும் தண்ணீருக்கு அடியில் நீ தலையை விரித்துப் போட்டு நின்றாய். முடி முழங்காலைத் தொட்டது. எனக்கு உடனே சந்தேகம். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு இவ்வளவு முடி எப்படி இருக்கும்? கூடையின் கயிறு உச்சந்தலையில்தான் தொங்குகிறது. நாள் முழுக்க அது இழுத்து இழுத்துத் தேய்த்ததில் இந்த லயத்தில் பாதிப் பேருக்கு நடுமண்டை வழுக்கை. நான் பின்னால் வந்து உன் முடியைப் பிடித்து ஒரு இழு இழுத்தேன். நீ கோபப்படவில்லை. "சவுரியான்னு பாக்குறியா? நல்லா இழுத்துப் பாரு. கையோட வந்துச்சுன்னா நீயே வச்சுக்க" என்றாய். அன்றிலிருந்து நாம் சிநேகிதிகள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பீலிக்கரைப் பாறையில் உட்கார்ந்து நீ என் தலைக்குப் பேன் பார்ப்பாய். நான் உனக்குச் சிக்கெடுப்பேன். ஈரத்தோடு சீப்பு வைக்க விடமாட்டாய். வெயிலில் ஆறிய பிறகு விரலால் கோதி, நுனியில் தொடங்கி மேலே வர வேண்டும் என்பாய். செம்பருத்தி இலையைக் கசக்கி அந்த வழவழப்பில் அழுக்கு எடுப்பாய். அரிசி களைந்த தண்ணீரைப் புளிக்க வைத்துக் கடைசியில் அலசுவாய். வேலைக்குப் போகும்போது பழஞ்சேலையில் தடியாகச் சும்மாடு சுற்றி வைத்து, ஒரு நாள் முன்பக்கம், ஒரு நாள் பின்பக்கம் என்று கயிற்றை இடம் மாற்றுவாய். உதிர்ந்த முடியைச் சுருட்டி, துப்பி, ஓடையில் போடும்வரை வேறு பேச்சுப் பேச மாட்டாய். யாராவது எடுத்துச் செய்வினை வைத்துவிடுவார்களாம். என்னைச் சந்தேகக்காரி என்றார்கள், உன்னை யாரும் சொல்லவில்லை.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் நீ வெகுநாள் சொல்லவில்லை. ஒரு நாள் மத்தியானம் என் கையைப் பிடித்துக் கொண்டுபோய், மலையின் கோடியில், ஓடைப் பள்ளத்துக்குள் இறக்கினாய். அங்கே ஆமணக்குச் செடிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. "ஒனக்கு மட்டுந்தான் காட்டுறேன் புள்ள. யாருகிட்டயும் மூச்சு விட்டுறாத" என்றாய். நீ கொட்டையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பாய். எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான். நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த வருஷம்தான் மாரியம்மன் கோயில் எண்ணெய் குறையத் தொடங்கியது. கோயில் விளக்குக்கும் ஆமணக்கெண்ணெய்தான். பெரிய கங்காணி பதுளையிலிருந்து தருவித்துக் கொடுப்பார். மாசம் முழுக்க எரிய வேண்டியது பாதியிலேயே தீர்ந்தது. "யாரோ அம்மா எண்ணெயில கைய வைக்கிறாக" என்று பூசாரி ஊதிவிட்டார். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதுதான் பேச்சு. எல்லோர் கண்ணும் உன் தலைக்குப் போனது. இவ்வளவு முடி, இவ்வளவு பளபளப்பு, பக்கத்தில் வந்தால் கோயில் விளக்கின் அதே வாடை. நீ கதவைத் திறந்து வைத்துக் காய்ச்சியிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க முடியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உன்மேல் ஆத்திரம் வருகிறது.

கோயில் வாசலில் கூட்டம் கூடியது. "நானே காச்சுனதுங்க. ஓடப் பள்ளத்துல ஆமணக்கு நிக்கிது, வந்து பாருங்க" என்று நீ தலை நிமிர்ந்துதான் சொன்னாய். எல்லோரும் போனோம். பள்ளத்தில் ஒரு செடிகூட இல்லை. வெட்டிய கட்டைகள் மட்டும் தரையோடு இருந்தன. இலை, தண்டு எல்லாவற்றையும் யாரோ ஓடைத் தண்ணீரில் இழுத்து விட்டிருந்தார்கள். நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன். "இது புது வெட்டு. நேத்துத்தான் வெட்டியிருக்காக. யாரு வெட்டுனதுன்னு கேளுங்க" என்று கத்தினேன். "பொம்பள நீ பேசாம இரு" என்றார் பெரிய கங்காணி. "கட்டைய வச்சு என்னா செய்யிறது? ஒரு கொட்ட கெடக்கா பாரு" என்றார் பூசாரி.

அப்போது நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அந்தப் பள்ளம் உன்னைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும். பதுளைக் கடையில் எத்தனையோ பேரை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். என்னை யாரும் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை.

அம்மனிடம் எடுத்ததற்கு அம்மனுக்கே முடியைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. வேப்பமரத்தடியில் உன்னை உட்கார வைத்து மழித்தார்கள். நீ அழவில்லை. உன் புருஷன் கூட்டத்துக்குப் பின்னால் தலையைத் தொங்கப் போட்டு நின்றார். மறுநாள் நீ வேலைக்கு வந்தாய். மழித்த தலையில் கயிறு அறுத்து, மத்தியானத்துக்குள் தோல் சிவந்துவிட்டது. நான் என் சும்மாட்டைக் கழற்றி நீட்டினேன். "வேணாம்" என்று சொல்லிவிட்டு நீ அடுத்த நிரைக்குப் போய்விட்டாய்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் முடி போனது ஒரு வேதனை. காட்டிக்கொடுத்தவள் நான் என்று நீ நினைக்கிறாயோ என்பது அதைவிடப் பெரிய வேதனை. திருடனைப் பிடித்தால்தான் என்மேல் உள்ள கறை போகும் என்று முடிவு செய்தேன். உன் தலை மொட்டையான பிறகும் கோயில் எண்ணெய் குறைந்துகொண்டே போனது. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. லுணுகலைக் கடைத்தெருவுக்குப் போய், மருந்துக்கடை நானாவிடம் வேப்பெண்ணெய் கேட்டேன். "பிள்ளைக்கா, மாட்டுக்கா?" என்றார். "சாமிக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஊற்றிக் கொடுத்தார். கோயில் கூட்டிப் பெருக்கும் முறை எனக்கு வந்த அன்று, அதை எண்ணெய்க் குடத்தில் கவிழ்த்தேன். மாரியம்மனுக்கு வேப்பெண்ணெய் ஆகாததா என்ன?

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை. பெண்கள் எல்லோரும் வரிசையாக நின்றோம். பூசாரி குனிந்து குனிந்து விபூதி பூசிக்கொண்டு வந்தார். அவருக்கும் நல்ல கூந்தல், நினைவிருக்கிறதா? அவிழ்த்துவிட்டால் இடுப்பைத் தொடும் குடுமி. ஆம்பளை முடியை யார் கவனிக்கிறார்கள்? என் நெற்றிக்குக் குனிந்தபோது வேப்பெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. "என்னாங்க சாமி, வேப்பெண்ண மணக்குது?" என்றேன். "வெளக்குக்கு ஊத்துனது, கையில பட்டுருக்கும்" என்றார். "கை மணக்கட்டுங்க. குடுமி எப்பிடி மணக்குது?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன். எனக்கு அடுத்து நின்றவள் மோந்து பார்த்தாள். அவளுக்கு அடுத்தவளும் மோந்து பார்த்தாள். பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அவர் பெரிய கங்காணிக்குச் சொந்தம். "நடந்தது நடந்துபோச்சு, இத்தோட விடுங்க" என்று முடித்துவிட்டார்கள். குடுமியோடு அவரை வேறு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். உனக்கு ஒரு மன்னிப்புகூட யாரும் சொல்லவில்லை. நான் உன் காம்பராவுக்கு ஓடிவந்து, "பாத்தியா?" என்றேன். "பாத்தேன்" என்று சொல்லிவிட்டு நீ கதவைச் சாத்திக்கொண்டாய்.

உன் முடி மறுபடி வளர்ந்தது. முன்னைவிட அடர்த்தியாகவே வளர்ந்தது. ஆனால் பீலிக்கரைக்கு நீ தனியாகத்தான் போனாய். சிக்கெடுக்க என்னை ஒருநாளும் கூப்பிடவில்லை. உப்பு இரவல் கேட்டால் கொடுப்பாய், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வந்து பார்ப்பாய். தலையை மட்டும் என் கைக்குத் தரவில்லை. பள்ளத்தைப் பூசாரிக்குச் சொன்னது யார் என்பது தெரியாதவரை நீ என்னை நம்பமாட்டாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். "நான் சொல்லல புள்ள" என்று சொல்ல எத்தனையோ தடவை உன் வாசல்வரை வந்திருக்கிறேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும் என்று திரும்பிவிடுவேன். அப்படியே நம் பிள்ளைகள் வளர்ந்தார்கள், அவர்களுக்குக் கல்யாணமும் ஆனது. பதுளைக்கே ரயில் வந்துவிட்டது.

போன மழைக்காலத்தில் நீ கண்ணை மூடினாய். உன் மருமகள் என்னிடம் வந்து நின்றாள். "அத்த தலைய நீங்கதான் சீவணுமாம். வேற யாரும் தொடப்புடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உசுரோட இருக்கையில என்மேல சந்தேகப்பட்டுட்டு, இப்ப எதுக்காம்?" என்று கேட்டுவிட்டேன். அவள் திகைத்துப் போய் என்னைச் சுவர் ஓரமாக இழுத்தாள்.

"ஒங்க மேல என்னாங்க சந்தேகம்? பூசாரிக்கிட்ட எடத்தச் சொன்னது மாமாதானாம். ஒரு நாளு அத்த பின்னாலயே போயி பாத்துருக்காரு. பூசாரி சாராயம் வாங்கிக் குடுத்து கேட்டாராம், சொல்லிட்டாராம். மொட்ட அடிச்ச அன்னைக்கே அத்தைக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒங்க முன்னால ஒக்காந்தா வாயில வந்துரும், புருசன் மானம் போயிரும்னுதான் ஒதுங்கிக்கிட்டாங்களாம். சாகுறதுக்கு முன்னால எங்கிட்டச் சொல்லி அழுதாங்க."

நான் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நுனியில் தொடங்கி மேலே வந்தேன். ஒரு சிக்கும் இல்லை. பாதிக்குமேல் நரைத்திருந்தது, நீளம் குறையவில்லை. யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதேன்.

பிறகு சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, புறங்கையால் எண்ணெய் தொட்டு உன் உச்சியில் வைத்தார்கள். கிண்ணம் என் கையில்தான் இருந்தது. உன் புருஷன் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. கிண்ணத்தைத் தொடாமல் நின்றார். பின்னால் ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. நீ இத்தனை காலம் கட்டிக் காத்ததை நான் எப்படி அவிழ்ப்பேன்? கிண்ணத்தை நீட்டினேன். அவர் தொட்டு வைத்துவிட்டுப் போனார்.

இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டேன். உன் ரகசியம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு ஆறவே இல்லை. பள்ளத்தை நான் காட்டிக்கொடுக்கவில்லை என்று உனக்கு முதல் நாளே தெரியும். அப்படியிருந்தும் உன் புருஷன் விஷயத்தை என்னிடம் சொன்னால் வெளியே போய்விடும் என்று பயந்தாயே, அது மட்டும் சந்தேகம் இல்லையா?